மின்சாரக் கணப்பு நம் வீட்டுக்குச் சரிவருமா?

பதிவு கொஞ்சம் நீளம். குளிர் தொடங்குவதற்கு முன் சொன்னால் யாருக்காவது உதவும் என்பதால் எழுதுகிறோம்.

நுவரெலியாவில் பழைய வீடுகளில் இருப்பவர்களுக்கு இந்த விஷயம் கெதியாக விளங்கும். ஹோலில் ஒரு பயர் பிளேஸ் இருக்கும். அதில் நெருப்பு மூட்டிப் பல வருஷமாகியிருக்கும். அந்தக் குழிக்குள் சிலர் பூச்சாடி வைப்பார்கள், சிலர் பழைய பத்திரிகை அடுக்குவார்கள். இப்போது அதே குழிக்குள் பொருத்துகிற மின்சாரக் கணப்பு வந்திருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் விறகு எரிவது போல் தெரியும். புகையும் இல்லை, சாம்பலும் இல்லை. சுவிட்சைப் போட்டால் கீழே இருந்து சூடான காற்றும் வரும். நம் ஊரில் கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறவர்கள் இரண்டு பேரும், வீட்டுக்கு வாங்க நினைக்கிற மூன்று பேரும் இதைப் பற்றி எங்களிடம் கேட்டுவிட்டார்கள். நாங்களும் இதே கேள்வியோடு ஒரு மாதம் இருந்தோம்.

எங்கள் வீட்டில் கேள்வி உம்மாவில் இருந்து வந்தது. உம்மாவுக்கு 76 வயது, இழுப்பும் இருக்கிறது. வாப்பா இருந்த காலத்தில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் ஹோலில் விறகு எரியும். வாப்பா மௌத்தான பிறகு ஓரிரு தடவை மூட்டிப் பார்த்தோம். ஈர விறகு, புகை திரும்பி வீட்டுக்குள் வந்தது, உம்மாவுக்கு மூச்சு முட்டியது. அதோடு விட்டுவிட்டோம். போன ஜனவரியில் துகள் உறைபனி விழுந்த வாரம் உம்மா இரண்டு ஸ்வெட்டர் போட்டும் இரவில் தூங்கவில்லை. டொரொன்டோவில் இருக்கும் தம்பிக்கு அது தெரிந்ததும் தன் வீட்டு மின்சாரக் கணப்பை வீடியோ எடுத்து அனுப்பினான்.

“நானா, இதே மாதிரி ஒண்டு வாங்கி கார்கோவில போடுறேன். உம்மாட கடைசிக் காலத்தில குளிர்ல வெக்க வேணாம்.”

உம்மா அந்த வீடியோவை இரண்டு தரம் பார்த்தார். “ஷோக்காத்தான் ஈக்குது” என்றார்.

தூரத்தில் இருக்கும் மகன் தாய்க்குச் செய்ய ஆசைப்படுகிற காரியத்தை வேண்டாம் என்று சொல்வது லேசு இல்லை. சரி என்று சொல்லிவிட்டு மாதா மாதம் பில்லைக் கட்டப்போவதும் நாங்கள்தான். ஆசிரியர் சம்பளத்தில் கடன் கழிவுகள் போக மிஞ்சுவது எவ்வளவு என்பது இதை வாசிக்கும் ஆசிரியர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதனால் ஆம், இல்லை என்பதற்கு முன் கணக்குப் பார்க்க முடிவெடுத்தோம்.

முதல் கணக்கு வோல்ட். கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், நமக்கு 230 வோல்ட். அங்கே விற்கும் 1500 வொட் ஹீட்டரை இங்கே நேராகச் செருகினால் வோல்ட் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வலு வோல்ட்டின் வர்க்கத்தோடு ஏறும் என்று தரம் 11 பிள்ளைகளுக்குப் படித்துக் கொடுக்கிறோம். அப்படியென்றால் கம்பிச் சுருள் மூன்றரை மடங்குக்கும் மேலான வலுவை இழுக்கும். எரிந்து போகும், அல்லது வீட்டை எரிக்கும். நடுவில் ட்ரான்ஸ்ஃபோமர் வைக்கலாம்தான். இந்த அளவு வலுவைத் தாங்கும் ட்ரான்ஸ்ஃபோமர் பாரமானது, விலையும் கூட. கனடா, அமெரிக்காவில் இருந்து யாராவது ஹீட்டர் வகையில் எதையாவது அனுப்புவதாகச் சொன்னால் பொருளின் பின்னால் ஒட்டியிருக்கும் லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் 220–240 வோல்ட் என்று இருக்க வேண்டும். இங்கிலாந்தில் இருந்து வருவது இந்த விஷயத்தில் பிரச்சினை தராது.

“அப்ப காசு அனுப்புறேன், அங்கேயே வாங்குங்க” என்றான் தம்பி. ஆகவே அடுத்த கணக்கு.

விளம்பரங்களில் “குறைந்த மின்சாரத்தில் அதிக வெப்பம்” என்று வரும். அதை நம்ப வேண்டாம். கம்பிச் சுருள் சூடாகி வெப்பம் தருகிற எந்த ஹீட்டரும் ஒரு யூனிட் மின்சாரத்தை ஒரு யூனிட் வெப்பமாகத்தான் மாற்றும். சின்ன ஃபேன் ஹீட்டர், எண்ணெய் நிரப்பிய ஹீட்டர், பெரிய விலைக் கணப்பு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். 2000 வொட் கணப்பு தருகிற சூடும் 2000 வொட் ஃபேன் ஹீட்டர் தருகிற சூடும் ஒன்றே. கூடக் கொடுக்கிற காசு அந்தச் சுவாலைக் காட்சிக்கும் கண்ணாடிக்கும் பெட்டிக்கும். சுவாலை என்பது எல்.ஈ.டி. வெளிச்சம், அதற்குச் செலவாவது ஒன்றிரண்டு பல்ப் அளவுதான். கரண்டைக் குடிப்பது ஹீட்டர். போடும் மின்சாரத்தை விடக் கூடுதலான வெப்பத்தை வீட்டுக்குள் கொண்டு வரக்கூடியது, சூடாக்கும் வசதியுள்ள ஏ.சி. மட்டுமே. அதைப் பொருத்தும் செலவு வேறு கதை.

இனி பில். 1500 வொட் ஹீட்டர் ஒரு நாளைக்கு 4 மணித்தியாலம் முழு வலுவில் ஓடினால் 6 யூனிட். 30 நாளைக்கு 180 யூனிட். எங்கள் வீட்டுக்கு வழமையாக மாதம் 90 யூனிட் அளவு வரும். இரண்டும் சேர்ந்தால் 270. வீட்டுப் பாவனைக்கு மின்சாரக் கட்டணம் படி முறையில் என்பது தெரிந்ததே. மாதம் 60 யூனிட்டைத் தாண்டிய வீடுகளுக்கு 60, 90, 120, 180 என்று படிகள் வரும். மேல் படி ஏற ஏற யூனிட்டின் விலை ஏறும், நிலையான கட்டணமும் ஏறும். விலைகள் அடிக்கடி மாறுவதால் ரூபாயில் நாங்கள் எழுதவில்லை. ஹீட்டரின் 180 யூனிட்டும் நம் பழைய யூனிட்டுகளுக்கு மேலே போய் உட்காரும் என்பதுதான் கவனிக்க வேண்டியது. எங்கள் கணக்கில் அதில் 90 யூனிட் 180க்கு மேற்பட்ட படியில் விழுகிறது. உங்கள் பழைய பில்லை எடுத்து, ஹீட்டர் யூனிட்டுகளை அதன் தலையில் வைத்துக் கூட்டிப் பாருங்கள். சராசரி விலையால் பெருக்கினால் கணக்கு பிழைக்கும்.

டொரொன்டோவில் தம்பியின் வீட்டுச் சுவருக்குள் குளிர் காக்கும் அடுக்கு இருக்கிறது, ஜன்னலுக்கு இரண்டு கண்ணாடி, வீடு முழுவதும் வேறு சூடாக்கும் முறை ஓடுகிறது. அந்தக் கணப்பு அங்கே அலங்காரத்துக்கு. இங்கே அதுவே ஒரு பெரிய ஹோலைத் தனியாகச் சூடாக்க வேண்டும்.

எங்கள் ஹோல் 18 அடிக்கு 14 அடி, அதாவது 252 சதுர அடி. சாதாரண 8 அடி உயரச் சீலிங் உள்ள அறைக்குச் சதுர அடிக்கு 10 வொட் என்று ஒரு பருமட்டான கணக்கு வைப்பார்கள். அப்படிப் பார்த்தாலே 2500 வொட் தேவை. எங்கள் சீலிங் 11 அடி, பலகைச் சீலிங், இடைவெளிகள் வேறு. சூடான காற்று மேலே போய் அங்கேயே நிற்கும், அல்லது கூரைத் தகரத்துக்குப் போய்விடும்.

இந்த ஹோல்கள் ஏன் இப்படிக் கட்டப்பட்டன என்பதையும் யோசித்தோம். வெள்ளைக்காரர் இந்த ஊருக்கு வந்து தங்கள் ஊர் மாதிரியே வீடு கட்டினார்கள். இப்போதைய கிராண்ட் ஹோட்டல் முன்பு ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸின் வசிப்பிடமாக இருந்தது. அந்தப் பாணியில் சின்னதும் பெரியதுமாகப் பல பங்களாக்கள் எழும்பின. விறகு வெட்ட, சுமக்க, சாம்பல் அள்ள அவர்களுக்கு ஆள் இருந்தது. திறந்த கணப்பில் எரிகிற விறகின் சூட்டில் பெரும் பகுதி புகைபோக்கி வழியாக வெளியே போகும். கூடவே அறையின் சூடான காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். விறகைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லாதவர்களுக்கு அது ஒரு குறையாகத் தெரிந்திருக்காது.

கணக்கை நம்பாதவர்கள் எங்கள் வீட்டிலும் இருந்தார்கள். அதனால் ஒரு சோதனை செய்தோம். இதை யாரும் செய்யலாம். பக்கத்து வீட்டில் இருந்து 2000 வொட் ஃபேன் ஹீட்டர் ஒன்றை இரவல் வாங்கினோம். சுவர் வெப்பமானி ஒன்று வாங்கி, உம்மா உட்காரும் கதிரையின் உயரத்தில் தொங்கவிட்டோம். ஏ.எல். படிக்கும் மகள் கொப்பியும் கையுமாகக் குறிக்கத் தொடங்கினாள்.

முதல் இரவு, ஹோல். இரவு 7 மணிக்கு 14 பாகை. ஹீட்டரைப் பயர் பிளேஸின் வாயில் வைத்து ஓடவிட்டோம். 9 மணிக்கு 16 பாகை. மீட்டரில் 4 யூனிட் ஏறியிருந்தது.

இரண்டாம் இரவு, அதே ஹோல். பழைய துணிகளைச் சாக்கில் கட்டிப் புகைபோக்கியின் தொண்டையை அடைத்தோம். வாசல் கதவுக்குத் தடித்த திரை போட்டோம். அதே 14 பாகையில் தொடங்கி 9 மணிக்கு 18. யூனிட் அதே 4. ஒரு சதமும் கூடக் கொடுக்காமல் இரண்டு பாகை கிடைத்தது. அவ்வளவு சூட்டை அந்த ஓட்டை குடித்துக்கொண்டிருந்தது.

மூன்றாம் இரவு உம்மாவின் அறை. 10 அடிக்கு 9 அடி, சீலிங் தாழ்வு. அரை மணித்தியாலத்தில் 20 பாகை வந்தது. ஹீட்டரின் தெர்மோஸ்டாட் தானாக நிற்பதும் போடுவதுமாக இருந்தது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒன்றரை யூனிட் அளவுதான் போனது.

மகள் கொப்பியை எங்களிடம் காட்டிவிட்டு, “நான் இனி வாப்பும்மாட அறையில படிக்கிறேன்” என்றாள்.

இதற்குப் பிறகு உம்மாவிடமே உட்கார்ந்து கதைத்தோம். எங்கே குளிர்கிறது, எப்போது குளிர்கிறது என்று கேட்டோம். உம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறோம்.

“மகன், நெருப்ப பாக்கிற ஆசை எனக்கு இல்லாம இல்ல. ஆனா குளிர்றது இந்தக் கால் ரெண்டுந்தான். மத்தது சுபஹுக்கு வுளூ செய்யப் போனா அந்தத் தண்ணி. அது ரெண்டும் சரியெண்டா எனக்குப் போதும்.”

ஒன்றரை லீற்றர் தண்ணீரைக் கேத்தலில் கொதிக்க வைக்க 0.15 யூனிட் அளவு போகும். அதைப் பச்சைத் தண்ணீரோடு கலந்தால் வுளூவுக்குத் தாராளம். இன்னொரு கேத்தல் தண்ணீர் சுடுதண்ணீர்ப் பைக்கு. பைக்குக் கொதிக்கிற தண்ணீர் ஊற்றக் கூடாது, கொஞ்சம் ஆறவிட்டு ஊற்றித் துணி சுற்றிக் கால் பக்கம் வைக்க வேண்டும். வயதானவர்களுக்கும் சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும் காலில் சூடு படுவது உடனே தெரியாது. இரண்டு கேத்தலும் சேர்ந்து ஒரு நாளைக்கு 0.3 யூனிட், மாதத்துக்கு 9 யூனிட்.

ஆகவே எங்கள் வீட்டுக்கு மின்சாரக் கணப்பு வேண்டாம் என்று முடிவெடுத்தோம். உம்மாவின் அறைக்கு எண்ணெய் நிரப்பிய 1500 வொட் ஹீட்டர் ஒன்று வாங்கினோம். அது சூடாக நேரம் எடுக்கும், ஆனால் சத்தம் இல்லை, தூசியைக் கிளப்பாது, நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் சூடு நிற்கும். இழுப்பு உள்ளவருக்கு அது நல்லது என்று பட்டது. அறையின் பழைய பிளக் பொயின்ட் உருண்டை முள்ளு 5 அம்பியர். 1500 வொட் என்றால் 230 வோல்ட்டில் ஆறரை அம்பியர், 2000 வொட் என்றால் கிட்டத்தட்ட 9 அம்பியர். அதனால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மெயின் போர்டில் இருந்து தனி வயர் இழுத்து, தனி பிரேக்கரோடு 13 அம்பியர் பொயின்ட் ஒன்று போட்டோம். ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்றும் பார்த்தார். ஹீட்டரை மல்டி பிளக்கிலோ நீட்டு வயரிலோ போடாதீர்கள். பழைய வீடுகளில் சுவருக்குள் இருக்கும் வயர் எந்தக் காலத்தது என்று நமக்குத் தெரியாது.

பயர் பிளேஸின் வாயைப் பலகையால் அடைத்தோம். ஓரத்துக்கு ரப்பர் பட்டி. மேசன் சீமெந்து பூசிவிடலாம் என்றார். உம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “பூச வேணாம், ஸ்க்ரூ மட்டும் அடிங்க. நாளைக்குக் கழட்டணுமெண்டா கழட்டலாம்” என்றார். வாப்பா உட்கார்ந்த கதிரை இன்னும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. நாங்கள் ஒன்றும் சொல்லாமல் ஸ்க்ரூ மட்டும் அடித்தோம். பலகையின் மேல், புகைபோக்கி அடைக்கப்பட்டுள்ளது என்று எழுதி ஒட்டியிருக்கிறோம், யாரும் தெரியாமல் மூட்டிவிடாமல் இருக்க.

இங்கே ஒரு எச்சரிக்கை. கரிச் சட்டியையோ பார்பிக்யூ அடுப்பையோ அறைக்குள் வைத்துக் கதவை மூடிக்கொண்டு படுக்காதீர்கள். அதில் இருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போகும். குளிருக்கு அப்படிச் செய்து மௌத்தானவர்களின் செய்தியை நாம் கேட்டிருக்கிறோம். இடைவெளிகளை அடைத்த வீட்டில் ஆபத்து இன்னும் கூட. பகலில் வெயில் வரும்போது ஜன்னலைத் திறந்து விடுங்கள். இல்லாவிட்டால் ஈரம் தங்கிச் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும், அதுவும் இழுப்புக்காரருக்குக் கூடாது.

கேட்டவர்களுக்கு எங்கள் பதில் இதுதான்.

கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறவர்களே, உங்களுக்கு அது சரிவரலாம். வருகிறவர் படம் எடுக்க விரும்பும் பொருள் அது. ஹீட்டரை நிறுத்திவிட்டுச் சுவாலையை மட்டும் ஓடவிட்டால் பில்லில் பெரிதாகத் தெரியாது. சின்னப் பிள்ளைகள் ஓடும் இடத்தில் திறந்த நெருப்பை விடப் பாதுகாப்பு. ஆனால் சூடான காற்று வரும் வாயைத் திரையாலோ தளபாடத்தாலோ மறைக்கக் கூடாது.

வீட்டுக்கு வாங்குகிறவர்களே, அறை சின்னதா, சீலிங் தாழ்வா, வயரிங் நல்லதா என்று முதலில் பாருங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால் யோசிக்கலாம். குழியை அளக்கும்போது முன்பக்க அகலத்தோடு நிற்காதீர்கள். பழைய பயர் பிளேஸ்கள் பின்னால் போகப் போக ஒடுங்கும். பின்பக்க அகலம், உயரம், ஆழம் மூன்றும் வேண்டும். புகைபோக்கி வழியாக மழைத் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள், மின் பொருளுக்கு மேல் தண்ணீர் சொட்டக் கூடாது. ஃபேன் மோட்டரும் உதிரிப்பாகமும் இங்கே கிடைக்குமா என்று கடையில் கேளுங்கள். அந்தச் சுவர் கிப்லாப் பக்கம் என்றால், சுவாலையை முன்னால் வைத்துத் தொழுவதைப் பற்றி உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எப்படியும் தொழும் நேரத்தில் நிறுத்தி வைக்கலாம்.

கரண்ட் போனால் என்ன செய்வது என்பதையும் நினைத்து வைத்துக்கொள்ளுங்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் இருண்டது. அப்படியான நாளில் எங்கள் ஹீட்டரும் சும்மா இரும்புதான். போர்வையும், காஸ் அடுப்பில் சூடாக்கிய தண்ணீரும்தான் கைகொடுக்கும்.

தம்பிக்கு இதை எல்லாம் சொன்னோம். மகளின் கொப்பியைப் படம் எடுத்து அனுப்பினோம். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் கோல் எடுத்து, “அப்ப நான் என்னதான் செய்ய?” என்று கேட்டான். உம்மாதான் பதில் சொன்னார்: “அந்த ஹீட்டர் போடுற ரெண்டு மாசத்துக்கு கரண்ட் பில் கூட வருமாம். அத நீ கட்டு.” இப்போது அவன் அதைத்தான் கட்டுகிறான். இரவு 7 மணிக்கு ஹீட்டர் போட்டதும் மகள் புத்தகத்தோடு வந்துவிடுவாள், சின்னவனும் வருவான், நாங்களும் பிளேன்டீயோடு போய் உட்காருவோம். ஹோலில் யாரும் இல்லை. அந்த நேரத்தில் தம்பி வீடியோ கோல் எடுத்தால் எல்லாரையும் ஒரே அறையில் பார்ப்பான்.

வாங்குவதற்கு முன் உங்கள் வீட்டிலும் மூன்று இரவு சோதித்துப் பாருங்கள். எங்கள் வெப்பமானி இப்போது சும்மாதான் தொங்குகிறது. நுவரெலியாவில் இருப்பவர்கள் வந்து எடுத்துக்கொண்டு போய்ப் பாவித்துவிட்டுத் திருப்பித் தாருங்கள். உங்கள் வீட்டு அளவுகளைக் கீழே எழுதினால் மற்றவர்களுக்கும் உதவும், இன்ஷா அல்லாஹ்.

உம்மாவுக்காக துஆ செய்யுங்கள்.